சைக்கிளை விட்டு ஏன் இறங்க வேண்டும்? 1941 கிள்ளான் வேலைநிறுத்தமும் வறுமையைப் பார்க்கும் பார்வையும்



வரலாற்றுத் தாளில் ஒரு கலகமோ வேலைநிறுத்தமோ வந்தால், "இதற்கான காரணங்கள் யாவை?" என்ற கேள்வி கூடவே வரும். நம்மில் பெரும்பாலோர் எழுதும் முதல் வரி ஒன்றுதான்: "மக்களின் வறுமையே முக்கியக் காரணம்." பதில் தப்பில்லை. ஆனால் அது பாதிப் பதில்தான். மீதிப் பாதியைத் தேடுவதற்கு நம் மண்ணிலேயே நடந்த ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்வோம். அது 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தம்.

அப்போது தொழிலாளர்கள் முன்வைத்த கோரிக்கைகளைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பாருங்கள். சீனத் தொழிலாளருக்குச் சமமான சம்பளம் வேண்டும். பத்து, பன்னிரண்டு மணி நேர வேலை கூடாது. நல்ல மருத்துவ வசதி வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். தோட்டத்துக் கள்ளுக்கடையை மூட வேண்டும். தோட்டப் பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும். உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் வந்துபோக அனுமதி வேண்டும். சங்கம் அமைக்க, கூட்டம் கூட, பேச உரிமை வேண்டும். குறை சொன்னவர்களைப் பழிவாங்கக் கூடாது.

இவற்றுக்கு நடுவே இன்னொன்றும் இருந்தது: துரை எதிரே வந்தாலும், கிராணி எதிரே வந்தாலும், தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிச் செல்ல அனுமதி வேண்டும்.

வகுப்பில் இந்தக் கோரிக்கையைப் படித்தால் மாணவர்கள் சிரிக்கக்கூடும். "சம்பளம் பத்தல, வேலை நேரம் அதிகம். இதுல சைக்கிள் ஒரு பிரச்சனையா, சார்?" என்று கேட்கக்கூடும். நல்ல கேள்வி. வயிறு காய்ந்தவன் எதற்குச் சைக்கிளைப் பற்றிப் பேசுகிறான்? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால், 1941-இல் கிள்ளானில் என்ன நடந்தது என்பது புரிந்துவிடும்.

வறுமை மட்டும்தான் காரணமா?

முதலில் ஒரு சின்ன ஒப்பீடு செய்வோம். தோட்டத் தொழிலாளர் அதிகம் துன்பப்பட்டது 1941-இல்தானா? இல்லை. உலகப் பொருளாதார மந்தம் தாக்கிய 1930 முதல் 1932 வரையிலான காலம் அதைவிட மோசமானது. ரப்பர் விலை அடிமட்டத்துக்குப் போனது. தோட்டங்கள் ஆட்குறைப்புச் செய்தன, சம்பளத்தைத் திரும்பத் திரும்பக் குறைத்தன. அந்த மூன்று ஆண்டுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேற்றித் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். இருபது ஆண்டு பால்மரம் சீவியவனையும் "வேலை இல்லை, ஊருக்குப் போ" என்று சொல்ல முடிந்தது.

அப்போது கிள்ளானில் நடந்ததைப் போன்ற பெரிய எழுச்சி நடக்கவில்லை. அது நடந்தது எப்போது? போர்க்கால ரப்பருக்குக் கிராக்கி ஏறி, தோட்டங்கள் லாபம் பார்த்த காலத்தில். வறுமைதான் கலகத்துக்கு ஒரே காரணம் என்றால் 1932-இல் அல்லவா வெடித்திருக்க வேண்டும்? 1941-இல் ஏன் வெடித்தது?

இடைப்பட்ட பத்து ஆண்டுகளில் சம்பளக் கணக்கை விடப் பெரிதாக ஒன்று மாறியிருந்தது. அதுதான் வறுமையைப் பார்க்கும் பார்வை. இந்தப் பார்வை மூன்று இடங்களிலிருந்து வந்தது. பங்களாவிலிருந்து ஒன்று, பட்டணத்திலிருந்து ஒன்று, லயத்திலிருந்து ஒன்று. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பங்களாவிலிருந்து பார்த்த பார்வை

தோட்ட நிர்வாகங்கள் தென்னிந்தியத் தொழிலாளரை விரும்பி வரவழைத்ததற்குக் குறைந்த சம்பளம் ஒரு காரணம். "இவர்கள் பணிவானவர்கள், சொன்னதைக் கேட்பார்கள்" என்ற எண்ணம் இன்னொரு காரணம். 1910-இல் ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் முடிவுக்கு வந்தது. அதன் பிறகும் கங்காணி மூலமாக ஊர் ஊராக ஆள் சேர்த்தார்கள். தொழிலாளியும் அவன் கங்காணியும் ஒரே ஊர், சில சமயம் ஒரே உறவு. இந்த அமைப்பில் தொழிலாளி யாரையும் எதிர்த்துப் பேசுவது சுலபமில்லை. அவன் வாய் திறக்காததைப் பார்த்த நிர்வாகம், அவன் மனநிறைவோடு இருக்கிறான் என்று எடுத்துக்கொண்டது.

சம்பளம் நிர்ணயித்த விதத்திலும் இந்தப் பார்வை தெரிகிறது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்துக்குப் பிறகு, இந்தியத் தொழிலாளருக்கு 'நியமச் சம்பளம்' நிர்ணயிக்கும் முறை வந்தது. தொழிலாளி என்ன உண்கிறான், என்ன உடுத்துகிறான், மாதம் எவ்வளவு செலவாகிறது என்று கணக்கிட்டு, அதை ஒட்டிச் சம்பளம் வைத்தார்கள். தொழிலாளரைப் பாதுகாக்கும் ஏற்பாடாகத்தான் இது வந்தது. இதைவிடக் குறையக் கூடாது என்று வைத்த கோடு, நடைமுறையில் இதைவிட ஏறக் கூடாது என்ற கோடாகிவிட்டது.

அந்தக் கணக்கின் அடிப்படையைக் கவனியுங்கள். "இவன் வேலைக்கு என்ன மதிப்பு?" என்று யாரும் கேட்கவில்லை. "இவன் உயிரோடிருக்க எவ்வளவு போதும்?" என்றுதான் கேட்டார்கள். கொஞ்சத்தில் வாழ்ந்து பழகியவனுக்குக் கொஞ்சமே போதும் என்றாகிவிட்டது. அதிகம் கொடுத்தால் கள்ளுக்கடைக்குத்தான் போகும் என்று ஒரு வாதம். ஆனால் அந்தக் கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே அனுமதியோடு நடந்துகொண்டிருந்தது!

பள்ளிக்கூட விஷயமும் இதேதான். தோட்டத்தில் 7 முதல் 14 வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி நடத்த வேண்டும் என்று அதே சட்டம் சொன்னது. பல தோட்டங்களில் பள்ளி என்ற பெயரில் ஒரு கொட்டகை இருந்தது, பாடம் சொல்ல அரைகுறையாகப் படித்த ஒருவர் இருந்தார். பால்மரம் சீவப் போகிற பிள்ளைக்கு இது போதும் என்பதுதான் சொல்லாமல் சொன்ன சேதி.

இந்த 'போதும்' என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மறுபடி இதற்கு வருவோம்.

பட்டணத்திலிருந்து பார்த்த பார்வை

தோட்டத்துக்கு வெளியே படித்த இந்தியர்களும் இருந்தார்கள். எழுத்தர், ஆசிரியர், வழக்கறிஞர், மருத்துவர், வணிகர் என்று பலர். இவர்களில் பலருக்கு நீண்ட காலம் தோட்ட மக்கள் வேறு உலகத்து மக்களாகத்தான் தெரிந்தார்கள். ஒரே மொழி பேசினாலும், படிப்பும் சாதியும் உத்தியோகமும் நடுவே சுவர் எழுப்பியிருந்தன. தோட்டத்தில் 'கறுப்புத் துரை' என்று சொல்லத்தக்க விதத்தில் நடந்துகொண்டவர்களும் நம்மவர்களே. மேலே படித்த பட்டியலில் துரையோடு சேர்த்துக் கிராணியின் பெயரும் ஏன் வந்தது என்று இப்போது புரிகிறதல்லவா?

1930களின் நடுவில் இந்தச் சுவரில் விரிசல் விழுந்தது. 1936-இல் மலாயா மத்திய இந்தியர் சங்கம் உருவானது. அதே ஆண்டின் இறுதியில், தொழிலாளர் நிலையை ஆராய இந்திய அரசின் சார்பில் வி.எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரி மலாயா வந்தார். 1937-இல் ஜவாஹர்லால் நேரு வந்தபோது, தோட்டத் தொழிலாளரின் நலனில் அக்கறை காட்டும்படி இங்குள்ள படித்த இந்தியர்களைக் கேட்டுக்கொண்டார். 1938-இல் சம்பளம் மீண்டும் குறைக்கப்பட்டதும், அந்த ஆண்டு ஜூன் மாதத்தில், உதவி பெற்று மலாயாவுக்கு வரும் தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு தடை செய்தது.

இவற்றால் தொழிலாளியின் சம்பளப் பை உடனே நிறைந்துவிடவில்லை. ஆனால், "உங்கள் நிலை சரியில்லை. இது உங்கள் தலையெழுத்து அல்ல" என்று வெளியிலிருந்து ஒரு குரல் முதன்முறையாகத் தோட்டத்துக்குள் கேட்டது.

லயத்திலிருந்து பார்த்த பார்வை

மூன்று பார்வைகளில் முக்கியமானது இதுதான். தொழிலாளி தன் வறுமையைத் தானே எப்படிப் பார்த்தான்?

"எல்லாம் விதி", "போன ஜென்மத்துப் பாவம்", "நமக்கு வாய்ச்சது இவ்வளவுதான்." இப்படிப் பேசியது பயத்தால் மட்டுமல்ல. வேறு விளக்கம் எதுவும் கையில் இல்லாததாலும்தான். துன்பத்துக்கு விதி காரணம் என்று நம்புகிறவன் கோயிலுக்குப் போவான். மனிதன் காரணம் என்று நம்பத் தொடங்கினால், அந்த மனிதனிடம் போய்க் கேட்பான்.

இந்த மாற்றத்துக்குப் பல வழிகள் இருந்தன. 1929 இறுதியில் பெரியார் ஈ.வெ.ரா. மலாயா வந்து பல ஊர்களில் பேசினார். சுயமரியாதைக் கருத்துகள் சீர்திருத்தச் சங்கங்கள் மூலமாகப் பரவின. 1924 முதல் 'தமிழ் நேசன்', 1935 முதல் கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முரசு' என்று ஏடுகள் வந்தன. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்க வாசிக்க, சுற்றி உட்கார்ந்து பத்துப் பேர் கேட்கலாம். இந்திய விடுதலைப் போராட்டச் செய்திகளும் கூடவே வந்தன. காந்தி குல்லாயும் மூவர்ணக் கொடியும் தோட்டத்துக்குள் நுழைந்தன.

பக்கத்திலேயே இன்னொரு பாடமும் இருந்தது. 1937-இல் பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கத்திலும் பல ரப்பர் தோட்டங்களிலும் சீனத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் வாங்கிய சம்பளம் தமிழர்களின் சம்பளத்தைவிடக் கணிசமாகக் கூடுதல். அதே மரம், அதே பால், அதே வெயில். ஆனால் சம்பளம் மட்டும் வேறு. இதை நேரில் பார்க்கிற ஒருவனிடம் "இது விதி" என்று எத்தனை நாளைக்குச் சொல்ல முடியும்?

இப்போது சைக்கிளுக்கு வருவோம். 1930களில் ஒரு தொழிலாளிக்குச் சைக்கிள் என்பது சாதாரணப் பொருளில்லை. காசு சேர்த்து வாங்கிய சொந்தச் சொத்து. தோட்டத்து எல்லையைத் தாண்டிப் பட்டணம் போகவும், பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் உறவினரைப் பார்க்கவும், கூட்டத்துக்குப் போகவும் அதுதான் வழி. துரை எதிரே வந்தால் அதிலிருந்து இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். இறங்காவிட்டால் 'திமிர்' என்று பெயர்.

சம்பளம் குறைவு என்பது மாதம் ஒரு முறை சம்பள நாளில் தெரியும். இறங்கி நிற்பது ஒவ்வொரு நாளும் தெரியும். நீ கீழே இருப்பவன் என்று அது தினமும் சொல்லிக் காட்டியது. அதனால்தான் ஐம்பது காசுச் சம்பளக்காரன் சைக்கிளைப் பற்றியும் எழுதிக் கொடுத்தான்.

1941: என்ன நடந்தது?

ஐரோப்பாவில் போர் தொடங்கிய பிறகு ரப்பருக்கும் ஈயத்துக்கும் பெரிய தேவை ஏற்பட்டது. பிரிட்டனுக்கு டாலர் ஈட்டித் தரும் நாடாக மலாயா இருந்தது. தோட்ட லாபம் ஏறியது, அரிசி விலையும் துணி விலையும் சேர்ந்து ஏறின. தமிழ் ஆண் தொழிலாளியின் நாள் சம்பளமோ ஏறத்தாழ 50 காசிலேயே நின்றது. பெண்ணுக்கு அதைவிடக் குறைவு.

கிள்ளான் வட்டாரத்தில் தொழிலாளரை ஒன்று திரட்டியவர்களில் முன்னணியில் இருந்தவர் ஆர்.எச். நாதன். இவர் 'தமிழ் நேசன்' ஏட்டில் பணியாற்றியவர். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் மூலமாகத் தோட்டம் தோட்டமாகச் செயல்பட்டார். 1941-இன் தொடக்க மாதங்களில் சம்பளக் கோரிக்கையோடு வேலைநிறுத்தங்கள் நடந்தன. சில காசுகள் கூட்டித் தரப்பட்டு, ஏப்ரல் தொடக்கத்தில் முதல் அலை அடங்கியது.

இங்கேதான் கவனம் தேவை. வயிற்றுப் பிரச்சினை மட்டும் என்றால் கதை இத்தோடு முடிந்திருக்கும். முடியவில்லை. சங்க வேலையில் ஈடுபட்டவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. இரண்டாவது அலை எழுந்தது. மேலே நாம் படித்த கோரிக்கைகள் அந்தக் கட்டத்தில்தான் முன்னுக்கு வந்தன. காசைக் கொடுத்தும் மூச்சு விடாத நிர்வாகத்துக்கு, மரியாதைக் கேள்வியைக் கேட்டதும் மூச்சு முட்டியது.

மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரி ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினர். வேலைநிறுத்தம் சிலாங்கூரின் மற்ற பகுதிகளுக்கும் பரவியது. கூட்டத்தைக் கலைக்கப் போலீசும் ராணுவமும் இறங்கின. மே 16-ஆம் நாள் சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். நூற்றுக்கணக்கானோர் கைதாகினர். நாதன் உட்படப் பலர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். மே மாதம் முடிவதற்குள் தோட்டங்களில் அமைதி திரும்பியது என்று சொல்லப்பட்டது.

"யாரோ தூண்டிவிட்டார்கள்"

அரசாங்கம் ஏன் இவ்வளவு கடுமையாக நடந்துகொண்டது? நியாயமாகப் பார்த்தால், அவர்கள் பக்கமும் ஒரு பயம் இருந்தது. அது போர்க்காலம். ஜப்பானின் நிழல் நெருங்கிக்கொண்டிருந்தது. ரப்பர் உற்பத்தி நின்றால் போருக்கே பாதிப்பு. நாதன் போன்றவர்களுக்குப் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான அரசியல் நோக்கமும் இருந்தது. இதை மறைத்து எழுதினால் அது வரலாறு ஆகாது.

ஆனால் பயம் மட்டும் அவர்களை அந்த முடிவுக்குத் தள்ளவில்லை. "தமிழன் பணிவானவன், இருப்பதில் திருப்தி அடைபவன்" என்று பல காலமாக நம்பியவர்களுக்கு, அவன் எழுந்து நின்றதும் ஒரே ஒரு விளக்கம்தான் கிடைத்தது: "வெளியாட்கள் தூண்டிவிட்டார்கள்." தொழிலாளிக்குச் சொந்தமாக ஒரு கோபம் இருக்கும் என்பதை அவர்களால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதனால் தலைவரைப் பிடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தார்கள். நடந்தது நேர்மாறு. அந்தக் கைதுதான் ஒரு தொழில் தகராறைப் பெருங்கலவரமாக்கியது.

மாணவர்களே, இதைக் கோடிட்டுக்கொள்ளுங்கள். ஏழையின் குணம்தான் அவன் ஏழ்மைக்குக் காரணம் என்று நம்பும் ஆட்சிக்கு, அவன் சொல்லும் குறை குறையாகத் தெரியாது, சதியாகத் தெரியும். சதிக்கு மருந்தாகத் துப்பாக்கிதான் கையில் வரும்.

அந்த அமைதி எவ்வளவு காலம் நீடித்தது? 1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. சில வாரங்களில் பிரிட்டிஷ் ஆட்சி பின்வாங்கியது. 1943-க்குப் பிறகு தோட்டத் தொழிலாளர் பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தனர். போர் முடிந்து தோட்டத்துக்குத் திரும்பியவர்கள் பழைய மாதிரி ஓரமாக நிற்கத் தயாராக இல்லை. 1946-இல் கெடாவில் உருவான தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராக அணிவகுத்தது. 1941-இல் பதில் கிடைக்காத கோரிக்கைகளில் ஒன்று ஐந்தே ஆண்டுகளில் மறுபடி வீதிக்கு வந்துவிட்டது.

தேர்வில் எப்படி எழுதலாம்?

காரணங்களை மூன்று அடுக்காகப் பிரித்து எழுதப் பழகுங்கள்.

முதலாவது, பொருளாதாரக் காரணங்கள்: போர்க்கால விலைவாசி, தேங்கி நின்ற சம்பளம், இன அடிப்படையிலான சம்பள வேறுபாடு.

இரண்டாவது, மனப்பான்மைக் காரணங்கள்: தொழிலாளியைப் பற்றி நிர்வாகம் வைத்திருந்த எண்ணம், அவர்கள் அன்றாடம் பட்ட அவமதிப்பு, சுயமரியாதை இயக்கமும் இந்தியத் தேசியமும் தந்த புதிய பார்வை.

மூன்றாவது, உடனடிக் காரணங்கள்: சங்கத்தினர் மீதான நடவடிக்கை, நாதனின் கைது.

இந்த மூன்றையும் தனித்தனியாக அடுக்கிவிட்டு நிறுத்தாமல், ஒன்று மற்றொன்றுக்கு எப்படி வழிவிட்டது என்று ஓரிரு வாக்கியத்தில் இணைத்துக் காட்டுங்கள். "வறுமை இருந்தது. அந்த வறுமை நியாயமற்றது என்ற உணர்வு பிறந்தது. அந்த உணர்வைக் கேட்க மறுத்ததால் கலவரம் வெடித்தது." இப்படி எழுதும் மாணவர் காரணங்களை மனப்பாடம் செய்யவில்லை, புரிந்துகொண்டிருக்கிறார் என்பது திருத்துபவருக்குத் தெரியும். பிரெஞ்சுப் புரட்சியோ வேறொரு நாட்டுக் கலகமோ கேள்வியாக வந்தாலும் இதே மூன்று அடுக்கைப் பொருத்திப் பார்க்கலாம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை

'போதும்' என்ற சொல்லை நினைவில் வைக்கச் சொன்னேன், இல்லையா? இந்தப் பிள்ளைகளுக்கு இந்தக் கொட்டகை போதும், இந்தச் சம்பளம் போதும் என்று சொன்னவர்கள் எல்லாரும் கொடியவர்கள் அல்லர். பழகிப்போன பார்வையில் ஊறியவர்கள், அவ்வளவுதான். அதனால்தான் இந்த வரலாறு நமக்கு நெருக்கமானது.

வீட்டுப்பாடம் செய்யாமல், கசங்கிய சட்டையோடு, தாமதமாக வருகிற பையனைப் பார்த்து "இவங்க வீடே இப்படித்தான், இவனுக்குத் தேர்ச்சி பெற்றாலே போதும்" என்று நம் வாயிலோ மனசிலோ ஒரு நாளாவது வந்திருக்கிறதா? வந்திருந்தால், நாமும் அந்த நிமிடம் பங்களாப் படியில் நின்றுதான் லயத்தைப் பார்த்திருக்கிறோம். பையன் ஒன்றும் சொல்லமாட்டான். கிள்ளான் தொழிலாளியும் பல ஆண்டுகள் ஒன்றும் சொல்லவில்லை.

இந்தப் பாடத்தை நடத்தும்போது கோரிக்கைகளைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். "இவற்றில் காசு சம்பந்தப்பட்டவை எத்தனை, மரியாதை சம்பந்தப்பட்டவை எத்தனை?" என்று மாணவர்களையே பிரிக்கச் சொல்லுங்கள். பிறகு "இதில் எது உங்களுக்கு முக்கியம்? ஏன்?" என்று கேளுங்கள். ஒருவர் சம்பளம் என்பார், ஒருவர் பள்ளிக்கூடம் என்பார். சைக்கிளைச் சுட்டிக்காட்டும் மாணவரும் ஒருவர் இருப்பார். அவர் சொல்லும் காரணத்தைக் குறுக்கிடாமல் முழுவதும் கேளுங்கள்.